ஆயில் மாற்றிய பிறகும் காருக்கு அடியில் கறுப்புச் சொட்டா? ட்ரெயின் போல்ட் கசிவைச் சரிசெய்வது எப்படி?

விருத்தாசலம் என்றதும் நினைவுக்கு வருபவை விருத்தகிரீஸ்வரர் கோயிலும் ரயில் ஜங்ஷனும் செராமிக் தொழிலும்தான். பொம்மை, அகல் விளக்கு முதல் மின்சார ஃபியூஸ் கேரியர் வரை செய்யும் சூளைகள் இங்கே உண்டு. செராமிக் படிப்புக்கென்றே அரசு தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இருக்கிறது. அந்த ஊர்க்காரருக்கு பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்கைக் காட்டினால், அதன் வெள்ளைப் பகுதி செராமிக் என்று சட்டெனச் சொல்லிவிடுவார். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கசியாமல் தடுப்பது அந்தச் செராமிக்தான்.

அதே இன்ஜினின் அடிவயிற்றில் இன்னொரு ‘பிளக்’ இருக்கிறது. இது தடுப்பது மின்சாரத்தை அல்ல, ஆயிலை. நம்மூர் மெக்கானிக்குகள் இதை ‘ட்ரெயின் போல்ட்’ அல்லது ‘ட்ரெயின் நட்’ என்பார்கள். கட்டை விரல் பருமன்கூட இல்லாத இந்த போல்ட்டும், அதனடியில் இருக்கும் ஒரு சிறு வாஷரும் சரியாக உட்காராவிட்டால், சர்வீஸ் முடிந்து வந்த சில நாட்களிலேயே கார் நிறுத்தும் இடத்தில் கறுப்பு வட்டம் விழ ஆரம்பிக்கும்.

“சொட்டு சொட்டாத்தானே போகுது, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்” என்று விடலாமா? ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு சொட்டு எவ்வளவு பெரிய விஷயம்?

ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால், ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர். சிறிய கார்களின் இன்ஜினில் இருக்கும் மொத்த ஆயிலே 3 முதல் 4 லிட்டர்தான். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். ஆக, இரண்டே வாரத்தில் ‘ஃபுல்’ இருந்த ஆயில் ஆபத்துக் கோட்டுக்கு வந்துவிடும். வண்டி ஓடும்போது ஆயில் சூடாகி இளகிவிடுவதால் கசிவு இன்னும் வேகமாகும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பம்ப் ஏற்கெனவே ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசும். விருத்தாசலத்தில் இருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் அந்த விளக்கு எரிந்தும் “அடுத்த ஊர் வரை போயிடலாம்” என்று நினைப்பது இன்ஜின் சீஸ் ஆக வழி. சில பத்து ரூபாய் வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல பத்தாயிரம் ரூபாய் இன்ஜின் வேலையாகிவிடும். விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைப்பதுதான் ஒரே வழி.

சொட்டுவது ஆயில்தானா?

முதலில் எது சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இரவில் காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் காலையில் பாதி விடை கிடைத்துவிடும்.

- நிறமில்லாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசியில் இருந்து வடியும் நீர். பயப்பட வேண்டாம்.
- பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தால் கூலன்ட்.
- பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில்.

ஆயில் என்று தெரிந்தாலும் குற்றவாளி ட்ரெயின் போல்ட்தான் என்று முடிவு கட்ட முடியாது. ஆயில் எங்கே கசிந்தாலும் கீழ்நோக்கித்தான் வரும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். இன்ஜின் மேல்மூடி கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், சேம்பர் ஓரம் என எங்கிருந்து கசிந்தாலும் கடைசியில் அது போல்ட்டின் தலையில் வந்து தொங்கும். ஏனென்றால் இன்ஜினிலேயே மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று அதுதான். அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கும் கார்களில், ஆயில் தட்டில் தேங்கி வேறு எங்கோ சொட்டும்.

எனவே, போல்ட்டையும் சுற்றியுள்ள இடத்தையும் பிரேக் கிளீனர் ஸ்பிரே போட்டு, துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு இன்ஜினை 10 நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே எல்லாம் காய்ந்திருக்க, போல்ட் தலையைச் சுற்றி மட்டும் ஈரம் வந்தால் சந்தேகம் உறுதி. ஆயில் ஃபில்டர் பக்கம் ஈரம் என்றால் போல்ட்டைத் தொடவே தேவையில்லை.

ஏன் கசிகிறது?

மண்பானையில் தண்ணீர் ஏன் கசிகிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால்தான். அதனால்தான் செராமிக் பாத்திரங்களுக்கு மேலே கிளேஸ் பூசிச் சுடுகிறார்கள். போல்ட்டிலும் கதை இதேதான். பளபளப்பாகத் தெரியும் உலோகப் பரப்பிலும் மேடு பள்ளங்கள் இருக்கும். இரண்டு கடினமான பரப்புகளை எவ்வளவு அழுத்தினாலும் இடையில் ஆயில் நுழைய வழி இருக்கும். நடுவில் செம்பு அல்லது அலுமினியம் போன்ற மெத்தென்ற உலோகத்தில் வாஷர் வைத்தால், இறுக்கும்போது அது நசுங்கி அந்தப் பள்ளங்களை நிரப்பும்.

ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிக் கடினமாகிவிடும். அதையே மறுபடி போட்டால், இரண்டாவது முறை அந்த அளவுக்கு நசுங்காது. இதுதான் கசிவுக்குப் பொதுவான காரணம். மற்றவை:

- பழைய வாஷர் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.
- வாஷர் போடவே மறந்திருக்கலாம்.
- போல்ட் கோணலாக ஏறியிருக்கலாம்.
- வேகத்தடையில் அடிபட்டு சேம்பரில் விரிசல் விழுந்திருக்கலாம்.
- அளவுக்கு மீறி இறுக்கியதில் மரை போயிருக்கலாம்.

கடைசிக் காரணம்தான் செலவு வைப்பது. இன்றைய கார்கள் பலவற்றில் ஆயில் சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். “மரை கழண்டவன்” என்று மனிதரைத் திட்டும்போது விளையாட்டாகச் சொல்வோம். சேம்பரில் மரை கழன்றால் விளையாட்டல்ல.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

கசியும் போல்ட்டைக் கண்டால் முதலில் கை போவது ஸ்பேனருக்குத்தான். “இன்னும் ஒரு சுத்து டைட் வெச்சா நின்னுடும்” என்று தோன்றும். தளர்ந்திருந்தால் நிற்கும், வாஷர் செத்திருந்தால் நிற்காது, மரைதான் போகும்.

பெரும்பாலான சிறிய கார்களில் இந்த போல்ட்டுக்கான டார்க் அளவு 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 35 நியூட்டன் மீட்டர் என்றால் என்ன? கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 14 கிலோ எடையைத் தொங்கவிடும் விசை. அவ்வளவுதான். அதே ஸ்பேனரில் பைப் சொருகி முக்கால் மீட்டர் ஆக்கி, அதே பலத்தோடு இழுத்தால் முறுக்கு மூன்று மடங்காகிவிடும். மரை அங்கேதான் போகிறது. டார்க் ரெஞ்ச் இருக்கும் பட்டறையில் வேலை செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

சரிசெய்வது எப்படி?

போல்ட்டைக் கழற்றினால் ஆயில் முழுவதும் வெளியே வந்துவிடும். எனவே சர்வீஸ் நெருங்கிவிட்டால் ஆயில் மாற்றும்போதே சேர்த்துச் செய்வது லாபம். சமீபத்தில்தான் ஆயில் மாற்றினீர்கள் என்றால், மிகச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, தூசு விழாமல் மூடி வைத்து, திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

1. சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். அது இல்லையென்றால் இந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

2. இன்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஓடி வந்த சூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும்.

3. அளவு சரியான ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முனை சாக்கெட் பயன்படுத்தவும். போல்ட் தலையை நேராகப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். படுத்துக்கொண்டு பார்க்கும்போது திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் உண்டு.

4. போல்ட் வந்ததும் பழைய வாஷரைத் தேடுங்கள். போல்ட்டில் இல்லையென்றால் சேம்பரில் ஒட்டியிருக்கும். நகத்தால் தடவிப் பார்த்து எடுக்கவும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பரப்பில் கீறல் விழும். அதுவே புதுக் கசிவாகும்.

5. போல்ட்டின் மரையில் அலுமினியத் துகள் சுருள் சுருளாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேம்பர் மரை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

6. பரப்பைத் துடைத்து, அதே அளவுள்ள புது வாஷரைப் போட்டு, முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே ஏற்றவும். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் நிறுத்தி, கழற்றி, மறுபடி நேராக வைக்கவும். கடைசியில் டார்க் ரெஞ்ச்.

7. ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக் பார்த்து, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கசிவையும் அளவையும் மறுபடி சரிபார்க்கவும். மறுநாள் காலையும் அட்டையைப் பாருங்கள்.

செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைவைத்தியம், அறிவியல்படியும் சரிதான். ஆனால் விருத்தாசலத்துச் சூளையில் போட்டுவிடாதீர்கள். பீங்கான் சுடும் சூளையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். புது வாஷர் கிடைக்கும்போது இந்த வேலை எதற்கு?

மரை போயிருந்தால்?

அப்போதும் சேம்பரை உடனே மாற்ற வேண்டியதில்லை. லேத் பட்டறையில் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, டேப் போட்டுப் புது மரை எடுத்து, பெரிய போல்ட் போடலாம். அல்லது ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளையோ புஷ்ஷையோ வைத்து, பழைய அளவு போல்ட்டையே போடலாம். அலுமினியத்தை விட எஃகு மரை உறுதி என்பதால் இரண்டாவது வழி நன்றாக உழைக்கும். எதுவானாலும் சேம்பரைக் கழற்றிச் செய்வதுதான் பாதுகாப்பு. காரிலேயே வைத்து டேப் போட்டால் உலோகத்தூள் உள்ளே விழும். விரிசல் என்றால் சேம்பரை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாம். குழாய்க்கு அது சரி. இன்ஜினில் அதன் துணுக்கு பிய்ந்து ஆயில் வழியை அடைக்கலாம். எபாக்ஸி பேஸ்ட் அப்புவது பட்டறை வரை போய்ச் சேர மட்டுமே உதவும். அடுத்த முறை போல்ட்டைக் கழற்றவும் முடியாது.

சர்வீஸ் சென்டர்தான் காரணம் என்றால்?

ஆயில் மாற்றிய சில நாட்களில் கசிந்தால், நீங்களே கழற்றும் முன் சொட்டும் இடத்தையும் டிப்ஸ்டிக்கையும் தேதி தெரியும்படி போட்டோ, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லோடு அதே இடத்துக்குப் போய், புகாரை ஜாப் கார்டில் எழுத்தாகப் பதியச் சொல்லுங்கள். வேறு பட்டறையில் ஒருமுறை கழற்றிவிட்டால், யார் தவறு என்று நிரூபிப்பது கஷ்டம். சரிசெய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடும் கேட்கலாம்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றினால் அது கடைசியில் மணிமுத்தாற்றுக்குத்தான் போகும். ஒருமுறை மாற்றும் கழிவு ஆயில் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்தியாவில் இது அபாயகரக் கழிவு. பழைய ஆயிலை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் உற்பத்தியாளர்களுக்கும் உண்டு. வீட்டில் மாற்றினால் காலி ஆயில் கேனிலேயே ஊற்றி, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, “ட்ரெயின் போல்ட் வாஷர் புதுசு போடுங்க, பில்லில் எழுதுங்க” என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாருங்கள். வண்டியை எடுத்த மறுநாள் காலை அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.