பேர்சியன் பூனை வாங்குமுன்

பேஸ்புக்கில் படம் பார்த்து, கொழும்பிலிருந்து பேர்சியன் பூனைக்குட்டி எடுப்பிக்க நினைக்கும் வன்னிக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

உருண்டைத் தலை, சிறு காது, கட்டைக் கால், நீண்ட அடர் மயிர். குணத்தில் இதைப்போல் சாதுவான பூனை குறைவு. அதிகம் கத்தாது, துள்ளாது, மடியிலேயே கிடக்கும். அந்தச் சாதுத்தனமே நம் வளவுகளில் அதற்கு ஆபத்து: நாய் துரத்தினால் நாட்டுப்பூனை போல மரமேறித் தப்பாது. இதை வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும்.

சப்பை மூக்கு அழகென்று விற்கப்படுகிறது. உண்மையில் மூக்குத் துவாரம் ஒடுங்கியிருப்பதால் மூச்சுவிடவே சிரமம். கண்ணீர் வடிந்து கன்னம் பழுப்பாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், 35 பாகை வெயிலில், தகரக் கூரையின் கீழ் இந்தப் பூனை படும் பாடு சொல்லி மாளாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தால் ஈரத்துணியால் துடைத்தபடி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மயிரை நாள்தோறும் சீவ வேண்டும். விட்டால் காதின் பின்னாலும் வயிற்றிலும் முன்னங்கால் இடுக்கிலும் சிக்குக் கட்டும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சிக்கோடு மெல்லிய தோலும் எழும்பி வந்து வெட்டுப்படும்.

இந்த இனத்தில் சிறுநீரக நீர்க்கட்டி நோய் பரம்பரையாக வருகிறது. தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலும் குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்புண்டு. காரணமான மரபணு மாற்றம் 2004 இல் கண்டறியப்பட்டது. ஸ்கான் பரிசோதனையிலும் நோய் தெரியும். எனவே தாய் தந்தையின் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் படமெடுத்து வையுங்கள். வியாபாரமாக விற்பவர் ஏமாற்றினால், வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. குட்டியைக் காற்றில்லாப் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் அனுப்புவது 1907 ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம், பொலிஸில் முறையிடலாம். அந்தச் சட்டம் விதித்த அதிகபட்சத் தண்டப்பணம் 100 ரூபாய் என்பது வெட்கத்துக்குரியது. என்றாலும் முறைப்பாடு பதியப்பட வேண்டும்.

காய்ச்சலென்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். நாய்க்குப் பூசும் உண்ணி மருந்து சிலவும் அப்படியே.

விசர்நோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் போடுங்கள். அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள். வீட்டுப்பூனைதானே என்று கடியையோ கீறலையோ அலட்சியம் செய்யாதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே விசர்நோய்த் தடுப்பு மருந்து இலவசம்.