பிரேக் குழாய்க் கருவி வாங்குமுன்

நூற்சிப்பம் ஏற்றிவரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் சொந்தமாகச் சிறு சரக்கு வாகனம் வைத்திருக்கும் சங்கங்கள் சில உண்டு. வாகனம் பழையதாக ஆக, அதன் அடிப்பாகத்தில் ஓடும் பிரேக் குழாய்கள் துருப்பிடிக்கின்றன. அந்த மாதிரி வண்டிக்குத் தயாராக வளைத்து முடித்த குழாய் கடைகளிற் கிடைப்பதில்லை. கிடைக்கும்வரை வண்டி நின்றால் சரக்கும் நிற்கும். ஆகவே, சுருளாக விற்கும் குழாயை வாங்கி நாமே வெட்டி, வளைத்து, முனை விரித்துப் பொருத்திக்கொள்ளலாமே என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. செய்யக்கூடிய காரியந்தான். ஆனால் எந்தக் கருவியைக் கொண்டு செய்வது என்பதிலேதான் அதன் நன்மை தீமை அடங்கியிருக்கிறது.

ஒரு சங்கத்தின் தணிக்கையில் நான் கண்டதை இங்கே கூறுவது பொருத்தமாகும். நிர்வாகக் குழு முறையாகக் கூடி, "பிரேக் பைப் பிளேரிங் டூல் ஒன்று" வாங்கத் தீர்மானித்தது. மூன்று கொட்டேஷன்கள் பெறப்பட்டன. அவற்றுட் குறைந்த விலைக்கு உத்தரவு அளிக்கப்பட்டது. வந்து சேர்ந்ததோ குளிர்சாதனப் பெட்டிகளின் செப்புக் குழாய்க்கு முனை விரிக்கும் கருவி. அதைக்கொண்டே பின்சக்கரத்துக்குச் செல்லும் குழாயைச் செய்து பூட்டிவிட்டார்கள். சங்கத்தின் முற்றத்திலேயே வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மிதிகட்டை தளர்ந்து தரையைத் தொட்டது. மதிற்சுவர் ஒரு முழம் சரிந்தது. சாலையில் நூல் ஏற்றிச் செல்லும்போது நிகழாதது பாக்கியம். கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை. குறை அந்த ஒற்றை வரித் தீர்மானத்தில் இருந்தது: என்ன வேண்டும் என்று அது சொல்லவே இல்லை.

மிதிகட்டையை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. பலமாகப் பிரேக் பிடிக்கையில் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 முதல் 100 கிலோ வரை ஏறும். டயரில் உள்ள காற்று இரண்டு முதல் நான்கு கிலோ அழுத்தமுடையது என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். இவ்வளவையும் தாங்கும் இணைப்பு, குழாயின் விரிந்த முனை நட்டினால் அழுத்தப்பட்டு உலோகத்தோடு உலோகம் பொருந்துவதனால் மட்டுமே அமைகிறது. இடையே வாஷர் இல்லை; பசையும் கூடாது. இரட்டைச் சுற்று அமைப்புள்ள வண்டியில் ஒரு குழாய் போனாலும் பாதிப் பிரேக்காவது மிஞ்சும். ஒற்றைச் சுற்றுள்ள பழைய ஜீப்புகளில் ஒன்றுமே மிஞ்சாது. (கனரக லாரிகளின் காற்றுப் பிரேக்கு வேறு வகை, இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.)

கருவியைத் தேர்வதற்கு முன் குழாயையும் முனையின் வடிவத்தையும் அறிதல் வேண்டும். சிறு வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது 4.75 மில்லிமீட்டர், அதாவது 3/16 அங்குல வெளிவிட்டமுள்ள குழாய். எஃகுக் குழாய் வலிமையானது; எனினும் துருப்பிடிக்கும், வளைப்பதும் விரிப்பதும் கடினம். சுமார் பத்துச் சதவீதம் நிக்கல் கலந்த செப்புக் கலவைக் குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், கருவிக்கும் எளிதில் இணங்கும். சங்கத்தார் சொந்தமாகச் செய்வதானால் இதையே வாங்குமாறு சொல்வேன். தூய செப்புக் குழாய் விலை மலிவு, பார்வைக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் வண்டியின் அதிர்வில் அது நாளடைவில் இறுகி வெடிப்புக் காணும். அதைப் பிரேக்குக்கு எந்நிலையிலும் உபயோகிக்கலாகாது.

முனை வடிவம் இரண்டு வகைப்படும். ஒன்று, புனலைப் போல் 45 பாகையில் விரிந்து, அதன் ஓரம் உட்புறமாக மடிந்து இரட்டைத் தடிப்பாக நிற்பது. மற்றது, காளானின் தலையைப்போல் உருண்டு புடைத்து நிற்பது. இவற்றுள் ஒன்றற்கு உரிய இருக்கையில் மற்றொன்று பொருந்தாது. கழற்றிய பழைய குழாயின் முனையைத் துடைத்துப் பார்த்தாலே எவ்வகை என்று தெரிந்துவிடும். ஒரே வண்டியில் இரண்டும் இருத்தல் கூடுமாதலால் இரு முனையையும் பார்க்கவேண்டும். குளிர்சாதனக் கருவி செய்வது மடிப்பில்லாத ஒற்றை விரிப்பு. அதன் மெல்லிய ஓரம் இறுக்கத்தில் கீறிவிடும். மேலே சொன்ன சங்கத்தில் நிகழ்ந்தது அதுவே.

நட்டின் மரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10 மில்லிமீட்டர் மரையும் 3/8 அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். அங்குல நட்டு 10 மில்லிமீட்டர் துளையில் சற்றுத் தளர்ந்து நுழைந்துவிடும், இறுக்கும்போது மரையைத் தின்னும். பழைய நட்டைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனிக் கருவிகள். கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது, துளைகள் வரிசையாக உள்ள இரு பட்டைகளும், மேலே கூம்புத் திருகும், பொத்தான் போன்ற சிறு அச்சுக்களும் கொண்ட பெட்டி. பொத்தானை வைத்து அழுத்தி முனையைப் புடைக்கச் செய்து, பிறகு அதை நீக்கிக் கூம்பினால் உள்ளே மடிப்பது இதன் முறை. பட்டைக்கு மேல் குழாய் எவ்வளவு நிற்கவேண்டும் என்பதைக் கண்ணளவாக வைக்கவேண்டியிருப்பதும், கூம்பு நடுவைவிட்டு விலகுவதும், அழுத்தும்போது குழாய் வழுக்கிக் கீழிறங்குவதும் இதன் குறைகள். பழகிய கையில், செப்பு நிக்கல் குழாயில், இது வேலை செய்யும். எஃகுக் குழாயில் இதை நம்பவேண்டாம்.

இரண்டாவது, மேஜை வைஸில் பொருத்தும் வகை. குழாயின் அளவுக்கென்றே செய்யப்பட்ட தனி அச்சு அதனைப் பிடித்துக்கொள்ளும். சுழல் தலையில் முதல் அழுத்தத்துக்கு ஒன்றும் இரண்டாவதற்கு ஒன்றுமாக அச்சுக்கள் இருக்கும். குழாயின் உயரத்தை ஒரு தடுப்பே தீர்மானிக்கும். நெம்புகோலை இழுப்பதே நம் வேலை. ஒருவன் செய்தாலும் மற்றொருவன் செய்தாலும் முனை ஒரே மாதிரி வரும். பெட்டி வகையைக் காட்டிலும் விலை அதிகந்தான். எனினும் சங்கத்துக்குத் தகுந்தது இதுவென்றே நான் கருதுகிறேன். கையால் பம்பு செய்யும் ஹைட்ராலிக் கருவி வண்டிக்கு அடியிலேயே வேலை செய்ய உதவும். நாள்தோறும் இவ்வேலை உள்ள பட்டறைக்கே அது கட்டும்.

துணைக் கருவிகளில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு. குழாயை உருளைக் கத்தியுள்ள சிறு கட்டரால் வெட்டவேண்டும். ஹாக்ஸா ரம்பம் முனையைக் கோணலாக்குவதோடு உள்ளே தூளையும் விடும். அத்தூள் சிலிண்டரின் ரப்பரைக் கீறும். வெட்டியபின் உட்பிசிறை நீக்கக் கூர்முனைக் கருவியும், சிறு வளைப்பானும் தேவை. நட்டுகளைக் கழற்ற, குழாய் நுழையப் பிளவுள்ள ரிங் ஸ்பானர் இன்றியமையாதது. சாதாரண ஸ்பானர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். முனையை விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துக்கொள்ள மறந்து, செய்த முனையை வெட்டி எறியாதவர் இத்தொழிலில் அரிது!

ஆகவே, தீர்மானத்திலும் கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலும் இவ்வாறு எழுதுக: 4.75 மில்லிமீட்டர் குழாய்க்குரிய அச்சு, 45 பாகை இரட்டை மடிப்பு, தேவையாயின் புடைப்பு முனைக்கு உரிய தனி அச்சு, வைஸில் பொருத்தும் வகை, நம் குழாய்த் துண்டில் கடையிலேயே முனை செய்து காட்டவேண்டும் என்ற நிபந்தனை. இவற்றை நிறைவேற்றுவோருள் குறைந்த விலையை ஏற்றால் விதியும் காக்கப்படும், பிரேக்கும் காக்கப்படும். ஒரே வண்டியுள்ள சங்கம் தனியே வாங்குவது வீண் செலவு. அண்டைச் சங்கங்கள் மூன்று நான்கு சேர்ந்து வாங்கலாம், அன்றேல் நல்ல பட்டறையில் செய்வித்துக்கொள்ளலாம்.

வண்டிக்குரிய குழாயைத் தொடுமுன் துண்டுகளில் பத்து முனையாவது செய்து பழகவேண்டும். அத்துண்டுகளைச் சரக்கு இருப்பேட்டில் பயிற்சிக் கழிவென எழுதிவிட்டால் தணிக்கையாளர் எவரும் ஆட்சேபிக்கமாட்டார். ஒவ்வொரு முனையையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை கீறலோ ஒருபக்கச் சாய்வோ இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். பொருத்தியபின், வண்டிக்குக் குறிக்கப்பட்ட பிரேக் திரவத்தையே ஊற்றிக் காற்றை நீக்கவேண்டும். இஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெடும். பிறகு ஒருவர் மிதிகட்டையை முழுப் பலத்தோடு சில நிமிஷம் அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்கவேண்டும். ஈரம் தட்டினால் வண்டி முற்றத்தை விட்டு நகரக்கூடாது.

கூட்டாக வாங்கிய கருவியை ஒரு சங்கத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போது ரசீது பெறுக. திரும்பி வருகையில் அச்சுக்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொள்ளுக; தொலைவது பெரும்பாலும் அந்தச் சிறு அச்சுதான்.