உம்மம்மா வீட்டு விடுமுறை

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், "இந்த முறை எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நுவரெலியாவா, திருகோணமலையா, அறுகம்பையா என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கிறது. நாங்கள் சிறியவர்களாக இருந்தபோது இப்படியொரு கேள்வி எழுந்ததே இல்லை. விடுமுறை என்றால் உம்மம்மா வீடு. உம்மம்மா வீடு என்றால் விடத்தல்தீவு. விடத்தல்தீவு என்றால் கடல்!

மன்னார் மாவட்டத்தில் பிறந்த சகோதரிகளுக்கு இந்த ஊரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெயரில்தான் தீவு இருக்கிறது. உண்மையில் அது மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப்பரப்பின் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதியில் இருக்கிறது. விடத்தல் என்பது அந்த வறண்ட மண்ணில் வளரும் ஒரு முள் மரம். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக அயலவர்களாக வாழ்ந்த இடம். பாங்குச் சத்தமும் கோயில் மணியும் ஒரே காற்றில் வரும்.

ரயிலில் விடிந்த காலை

வாப்பாவுக்கு அனுராதபுரத்தில் அரசாங்க உத்தியோகம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தில்தான் நீண்ட விடுமுறை. எண்பதுகளின் தொடக்கத்தில் நோன்பு ஆனி, ஆடி மாதங்களில் வந்தது. தலைப்பிறைக்கு ஓரிரு நாள் முன்பாகவே உம்மா உடுப்புப் பெட்டியைக் கட்டிவிடுவார். இரவில் தலைமன்னார் மெயில் ரயிலில் ஏறினால், மதவாச்சி, மடு வீதி, முருங்கன் என்று நிலையங்கள் தூக்கத்திலேயே கழியும். மன்னார்ப் பாலத்துக்கு வரும்போது உம்மா எங்களைத் தட்டி எழுப்புவார். ஜன்னலின் இரு பக்கமும் தண்ணீர். உப்பும் சேறும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் விடுமுறை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மன்னாரில் இறங்கி, பஸ்ஸில் மறுபடியும் பாலத்தைக் கடந்து, தள்ளாடிச் சந்தி, திருக்கேதீஸ்வரம், பாப்பாமோட்டை என்று போவோம். வெயில் ஏறுமுன் உம்மம்மா வீட்டுப் படலைக்கு முன் நிற்போம். "வந்திட்டீங்களா என்ட ராசாத்திகள்!" என்று அவர் ஓடிவருவார். கையில் மீன் செதில் ஒட்டியிருக்கும். அப்படியே எங்களை அணைத்துக்கொள்வார்.

வெண்மணல் இல்லாத கடற்கரை

விடத்தல்தீவுக் கடற்கரையைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். படங்களில் வருவது போல வெண்மணலும் இல்லை, உயரமாக எழும் அலையும் இல்லை. பாக்கு நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது; வற்று நீரில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. கரையோரம் கண்டல் காடு. அதற்கு நடுவே வள்ளங்கள் வந்து போகும் ஓடை. காலை வைத்தால் சேறு உள்ளே இழுக்கும். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும்.

அசருக்குப் பிறகு மாமா எங்களை அங்கே கூட்டிப்போவார். பெரியவர்களுக்கு நோன்பு, எங்களுக்கு "அரை நோன்பு". வாயில் தண்ணீர் போகக் கூடாது என்ற கட்டளையோடு குளிப்போம். கண்டல் வேர்களுக்குள் குஞ்சு இறாலும் நண்டும் ஒளிந்திருப்பதை மாமா காட்டுவார். "இதை வெட்டினா கடல்ல மீன் இல்லாமப் போயிடும், இதுதான் மீனுக்குத் தொட்டில்" என்பார். எந்தப் புத்தகத்திலும் நான் அதை அப்போது படித்ததில்லை. சோளகக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், வாடைக் காற்று தொடங்கினால் கடல் எப்படி மாறும் என்பதையெல்லாம் அந்தச் சேற்றில் நின்றுதான் கற்றேன்.

நோன்புக் கஞ்சியும் நண்டு ஆணமும்

பக்கத்து வளவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டு அம்மா உம்மம்மாவை "ராத்தா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கணவர் கடலுக்குப் போய் வந்தால், முதலில் எங்கள் குசினிப் பக்கம் ஒரு கோர்வை மீனோ நாலு நண்டோ வந்து சேரும். "ராத்தா நோன்போட கடைக்குப் போகக்கூடாது" என்பது அவர் நியாயம். பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்ததும், முதல் கோப்பை வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் போகும். ஆடி மாதத் தொடக்கத்தில் மடுத் திருவிழா. அவர்கள் மடுவுக்குப் போகும் நாட்களில் அவர்களுடைய ஆட்டுக்கும் கோழிக்கும் உம்மம்மாதான் பொறுப்பு.

அந்த நண்டு ஆணத்தின் ருசியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. தேங்காயை அம்மியில் அரைத்து, முருங்கை இலையைக் கடைசியில் தூவி இறக்குவார் உம்மம்மா. சஹருக்கு எழும்பும்போது, இரவு மிஞ்சிய ஆணத்தோடு சோறு. பெருநாள் அன்று வட்டிலப்பம். பிற்பகலில் ஓலைப் பெட்டியிலிருந்து பினாட்டை எடுத்து ஆளுக்கொரு துண்டு கிள்ளித் தருவார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது உம்மம்மாவின் வீடு. மூத்தாப்பாவுடைய வீடல்ல. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுப்பதுதான் வழக்கம். உம்மம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. உம்மாவுக்கும் சாச்சிக்கும் அதே வளவில் பங்கு இருந்தது. ஒருநாள் அது எங்களுக்கும் வரும் என்று சொல்லிச் சிரிப்பார். கடலோரத்தில் எனக்கென்று ஒரு துண்டு மண் இருக்கிறது என்ற பெருமை எனக்குப் பத்து வயதிலேயே இருந்தது.

கடைசிப் பெருநாள்

1990 ஏப்ரல் கடைசியில் வந்த நோன்புப் பெருநாள்தான் அந்த வீட்டில் நாங்கள் கொண்டாடிய கடைசிப் பெருநாள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மறுபடியும் மூண்டது. ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள் என்று எல்லா இடங்களிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஊரை விட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். வேறு பலர் கைக்குழந்தைகளோடு தரைவழியே நடந்தார்கள்.

உம்மம்மா எங்களிடம் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு துணிப் பை மட்டுமே இருந்தது. வீட்டையோ நகையையோ பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "கோழிக் கூட்டைத் திறந்து விட்டுட்டு வந்தேனா, இல்லையா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு புத்தளத்தில் சாச்சி குடும்பத்தோடு கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த ஏழு ஆண்டுகளும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1997இல் அவர் வபாத்தானார். புத்தளத்து மண்ணிலேயே அடக்கினோம். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

வேலிக்கு அந்தப் பக்கம்

2008 ஜூலையில் இராணுவம் விடத்தல்தீவைக் கைப்பற்றியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு உம்மாவோடு நான் ஊருக்குப் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர்களுக்கு நடுவே ஒரு வேப்பமரம் நின்றது. உம்மா குசினி இருந்த இடத்தைத் தேடி, அம்மி கிடந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வளவில் தகரக் கொட்டில் ஒன்று. உள்ளிருந்து வந்தவர் அந்த வீட்டு மகன். எங்களோடு சேற்றில் விளையாடியவர். "நீங்க ராத்தாட பேத்தியெல்லோ?" என்றார். அவர்களும் 2008இல் ஊரை விட்டு, வன்னியில் இடம் இடமாக ஓடி, உயிர் தப்பி, முகாமிலிருந்து அண்மையில்தான் திரும்பியிருந்தார்கள். அவருடைய அம்மா வழியிலேயே போய்விட்டாராம்.

பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடந்த கேள்வியை நான் கேட்டுவிட்டேன். "எங்களைப் போகச் சொன்னப்ப நீங்க யாருமே ஒண்ணும் பேசல்லையே?"

அவர் நெடுநேரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். "பயம்" என்றார். பிறகு, "அண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பு மூட்டயில்ல. உங்கட கோழிகளை அம்மாதான் பிறகு பார்த்தவ" என்றார்.

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். உம்மம்மா இருந்திருந்தால் அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். எனக்கு அது முழுமையாகப் போதவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் இருபது வருடம் கழித்து வேலிக்கு இரு பக்கமும் நின்று பேச முடிந்ததே, அல்ஹம்துலில்லாஹ்.

"ஊரா, டூரா?"

இப்போது எங்கள் குடும்பத்தார் விடுமுறைக்கு மறுபடியும் விடத்தல்தீவுக்குப் போகிறார்கள். 2015 முதல் ரயிலும் தலைமன்னார் வரை ஓடுகிறது. புத்தளத்திலிருந்து வான் பிடித்து, சோற்றுப் பொதியோடு வந்து, கடலைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு மறுநாள் திரும்புகிறார்கள். ஒருமுறை என் மகள் கேட்டாள்: "உம்மா, இது நமக்கு ஊரா, டூரா?"

சிரித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அன்று வேறிடத்தில் வாழ்ந்த எங்களை ஊரோடு கட்டிவைத்தது அந்த விடுமுறை. இன்றோ ஊரே ஒரு விடுமுறை இடமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புத்தளத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே திருமணம் முடித்த பிள்ளைகளை வேரோடு பிடுங்கு என்று யார் சொல்ல முடியும்? தொழிலும் இலகுவாக இல்லை. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துப்போகின்றன. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பிறகும் அந்தத் தொல்லை ஓயவில்லை.

கடலுக்கும் சோதனை வந்தது. விடத்தல்தீவுக் கடலும் கண்டல் காடுமாக 29,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் நீரியல் உயிரின வளர்ப்புக்காக அதில் ஒரு பகுதியை விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. செய்தியைப் படித்தபோது மாமா சொன்ன தொட்டில்தான் நினைவுக்கு வந்தது.

சகோதரிகளே, நான் கேட்பது பெரிய காரியமல்ல. இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவராக நீங்கள் இருந்தால், உங்கள் உம்மாவின் காணி உறுதி எங்கே இருக்கிறது, யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பிரதியெடுக்க வழி தேடுங்கள். அது பெண்வழி வந்த சொத்து. நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போனால் ஒருநாளில் திரும்பாதீர்கள். ஓரிரவாவது தங்குங்கள். பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டி, யாருடைய பிள்ளைகள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளைச் சேற்றில் இறக்கிவிடுங்கள்.

போன விடுமுறையில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். பழைய சுவரோடு சேர்த்து ஓர் அறை கட்டியிருக்கிறோம், கூரை தகரம்தான். மாலையில் வேலிக்கு மேலாக ஒரு பை நண்டு வந்தது. என் மகள்தான் ஆணம் காய்ச்சினாள். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. முதல் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை; மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தாள்.