நாரிநோவும் சத்திர சிகிச்சையும்

நாரிநோ வந்தால் எண்ணெய் தேய்ப்போம், ஒத்தடம் பிடிப்போம். சில கிழமைகளில் அது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். தணியாது ஆண்டுக்கணக்காக நிலைத்துவிட்டாலோ, சத்திர சிகிச்சை செய்விப்பதா என்ற கேள்வி குடும்பத்தை வாட்டத் தொடங்குகின்றது. எம் மாணாக்கரின் பெற்றோர் சிலர் எம்மிடமும் இதனை வினவியதுண்டு.

பிரித்தானிய வைத்தியர்கள் இக்கேள்வியை நேரிய முறையிற் சோதித்தனர். ஓராண்டுக்கு மேலாக நாரிநோவினால் வருந்திய 349 பேரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு முள்ளெலும்புகளை அசையாது பிணைக்கும் சத்திர சிகிச்சை. மற்றையோருக்குத் தேகாப்பியாசமும், நோவுக்கஞ்சி உடலை முடக்கும் பழக்கத்தைப் போக்கும் போதனையும். தேகாப்பியாசம் என்றதும், பாயிற் படுத்தபடி காலை இரண்டு தரம் உயர்த்துவது என எண்ணிவிடலாகாது. கிழமைக்கு ஐந்து நாளாக மூன்று கிழமைகள், ஏறக்குறைய 75 மணி நேரம் நடைபெற்ற கடும்பயிற்சி அது!

முடிவு 2005இல் வெளிவந்தது. ஈராண்டின் பின் இரு பகுதியினரும் முன்னேறியிருந்தனர். இயலாமையை 100 புள்ளிகளில் மதிப்பிடும் அளவுகோலிலே சத்திர சிகிச்சைப் பகுதியினர் ஏறக்குறைய 4 புள்ளிகளே முந்தி நின்றனர். ஆனால் அவர்களுள் 19 பேருக்குச் சிகிச்சை நடக்கும்போதே சிக்கல்கள் நேர்ந்தன. சராசரிச் செலவு தலைக்கு 7,830 பவுண்; பயிற்சிப் பகுதியில் 4,526 பவுண். பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டோரிற் கணிசமானோர் பின்னர் சத்திர சிகிச்சையை நாடினர் என்பதையும் மறைத்தலாகாது.

2001இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு சத்திர சிகிச்சையே மேலென்றது. இது முரண்பாடன்று. அங்கே அதற்கு எதிரே நிறுத்தப்பட்டது வழக்கமான சாதாரணச் சிகிச்சையே. பிரித்தானியாவிலோ முறையான கடும்பயிற்சி. ஆதலின், "பயிற்சி செய்தும் பயனில்லை" என்போரிடம், எத்தகைய பயிற்சி, எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்று நாம் வினவுதல் தகும். பிரித்தானிய ஆய்விலும் அதனையொத்த நோர்வே ஆய்வுகளிலும் பங்குபற்றியோரை ஏறக்குறைய 11 ஆண்டுகளின் பின் பரிசோதித்த அறிக்கை 2013இல் வெளியாயிற்று. இரு வழியினர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு அதிற் காணப்படவில்லை. எனவே, அவசரமில்லாதவிடத்து முறையான பயிற்சியை முதலிற் செய்து பார்ப்பதே தக்கதென நாம் கருதுகின்றோம்.

அவசரமான நிலையும் உண்டு. சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ இயலாமை, தொடைகளினிடையே விறைப்பு, கால்கள் வலுவிழத்தல் ஆகியன நாரிநோவுடன் தோன்றினால் நரம்புகள் நெருக்குண்டிருக்கலாம். அப்போது எண்ணெயும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.