பலர் எழுதும் ஓர் ஏடு

திருப்பூர் இரயில் நிலையத்திற்கு அண்மையில் உள்ள காதர்பேட்டையில் பனியனும் டி-சர்ட்டும் மொத்தமாக விலைபோகும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. வாங்க வருவோர் கண்ணுக்குக் கடை ஒன்றே தெரியும். ஆனால் அக்கடையின் சரக்கு ஓரிடத்தில் உருவாவதன்று. நூல் ஓரிடத்தில் துணியாகிறது. சாயப்பட்டறை வேறோரிடத்தில் உள்ளது. தைக்கும் பவர் டேபிள் மங்கலம் சாலையில் இருக்கலாம். செக்கிங்கும் அயனிங்கும் முடிந்த பண்டல்கள் பெருமாநல்லூர்ப் பக்கத்துக் கிடங்கில் இருக்கலாம். கடைக்காரர், கிடங்குக் காப்பாளர், தையற்கூட மேற்பார்வையாளர் ஆகிய மூவரும் ஒரே கணக்கைப் பார்க்கவும் வேண்டும். அதில் எழுதவும் வேண்டும். மேசைக் கணினியில் உள்ள ஒரு கணக்கேட்டைத் தொலைவில் உள்ள பலர் கூடி எழுதுவது எவ்வாறு? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நான் கணினிப் பொறியாளன் அல்லேன்; பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனினும், ஒரு பதிவேட்டில் பலர் எழுதினால் என்ன நேரும் என்பது தலைமையாசிரியனுக்குத் தெரியாத செய்தியன்று. என்னிடம் பயின்றோர் சிலர் காதர்பேட்டையில் கடை வைத்திருக்கின்றனர். அவர்களுக்கு விளக்கியவற்றையே இங்கும் கூறுகிறேன்.

முதலில் இடர் இன்னதென அறிவோம். கிடங்கில் 40 டஜன் பனியன் உள்ளதாகக் கொள்வோம. இரு குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் கணினியைப் பார்க்கின்றனர். இருவருக்கும் 40 என்றே தெரிகிறது. ஒருவர் 30 டஜன் விற்று, மீதி 10 என்று எழுதுகிறார். மற்றவர் 25 டஜன் விற்று, மீதி 15 என்று அதன்மேல் எழுதிவிடுகிறார். இப்போது ஏடு என்ன சொல்கிறது? 15 டஜன் மீதி என்கிறது. உண்மை என்ன? வாக்களித்தது 55 டஜன், இருந்தது 40. ஆகவே 15 டஜன் பற்றாக்குறை. கூட்டல் கழித்தலில் இருவரும் தவறவில்லை. ஆயினும் ஏடு பொய் சொல்கிறது. என் மாணாக்கர் ஒருவர் கடையில் இத்தகைய பிழையால் பங்காளிகள் இருவர் பல நாள் பேசாதிருந்ததை நான் அறிவேன்.

இதற்கு மருந்து பூட்டு என்பதாகும். ஒருவர் ஒரு வரியைத் திருத்தும்போது, அவர் முடிக்கும் வரை அவ்வரியை மற்றவர் திருத்தவொண்ணாதபடி பூட்டிவைத்தல் வேண்டும். சரக்கைக் குறைப்பதும் விற்பனையை ஏற்றுவதும் சேர்ந்து முழுமையாக நிகழ வேண்டும். இடையில் தடைப்பட்டால் இரண்டுமே நிகழாதவையாக வேண்டும். தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் நெறியை 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்ற அறிஞர் வகுத்தளித்தார். பூட்டு முறையையும் இம்முழுமை நெறியையும் ஆராய்ந்து வளர்த்தவருள் ஜிம் கிரே தலையாயவர். அதன்பொருட்டு அவருக்கு 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

இனி, மேசைக் கணினியின் தரவுத்தளத்துக்கு வருவோம். இவ்வகையில் பெயர் பெற்றது மைக்ரோசாப்ட் ஆக்சஸ். 1992-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு கோப்பு 2 ஜிகாபைட் அளவுக்குள் அடங்க வேண்டும். ஏட்டளவில் 255 பேர் ஒரே வேளையில் திறக்கலாம். நடைமுறையில் அதனினும் மிகச் சிலரே வசதியாகப் பயன்படுத்த இயலும். இதன் இயல்பு ஒன்றைக் கருத வேண்டும். இதில் ஏட்டைக் காக்கும் கணக்குப்பிள்ளை இல்லை. ஒவ்வொருவர் கணினியும் தானே ஏட்டைத் திறந்து, தானே பக்கத்தைப் புரட்டி, தானே எழுதுகிறது. ஒரே கட்டடத்தில் கம்பியால் இணைந்த கணினிகளுக்கு இது பொருந்தும். அங்கும் அட்டவணைகள் மட்டும் உள்ள கோப்பைப் பொது இடத்தில் வைத்து, படிவங்கள் உள்ள கோப்பை ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே வைத்தல் நன்று.

பெருமாநல்லூர்க் கிடங்கு இணையத்தின் வழியே இந்தக் கோப்பைத் திறந்தால் நிலைமை வேறு. ஏட்டின் பக்கங்களே அத்தனை தொலைவு போய் வர வேண்டியிருப்பதால் வேலை மந்தமாகும். ஒரு பக்கத்தை எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி எழுதியதோடு நின்று, கோப்பே சிதைந்துபோகலாம். கோப்பை இணையச் சேமிப்பகத்தில் இட்டு எல்லோர்க்கும் பகிர்வது அதனினும் தீது. அப்போது ஆளுக்கொரு படி உண்டாகி, எது மூலம் என்பதே தெரியாமற்போகும்.

நல்வழி எது என்பதற்குக் காதர்பேட்டைக்கு அருகிலுள்ள இரயில் நிலையமே சான்று. கணினி முன்பதிவு 1985-ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று இணைந்தன. ஒரு வண்டியின் இருக்கை ஏடு ஒரு மையத்திலேயே இருக்கும். திருப்பூர்ச் சாளரத்தில் உள்ள எழுத்தர் அவ்வேட்டை வரவழைப்பதில்லை, இடம் உண்டா என்று வினவுகிறார், விடை வருகிறது. ஏடு இருந்த இடத்தில் இருக்க, வினாவும் விடையுமே பயணம் செய்கின்றன. நமக்கு வேண்டிய நெறியும் இதுவே.

இந்நெறியைச் சிறு கடையில் கைக்கொள்ள இரு வழிகள் உண்டு. ஒன்று, தொலைவிலிருந்து கடைக் கணினியின் திரையை மட்டும் காண்பது. அப்போது நிரல் ஏட்டின் அருகிலேயே இயங்கும். திரைப்படமும் விசைத்தட்டும் மட்டும் இணையத்தில் செல்லும். இணைப்பு அறுந்தாலும் ஏடு சிதையாது. ஆனால் சாதாரண விண்டோஸ் கணினி ஒரு நேரத்தில் ஒருவர்க்கே இடம் தரும். பலர்க்கு வேண்டுமாயின் சர்வர் வகையும் அதற்குரிய உரிமமும் பெற வேண்டும். மற்றொன்று, அட்டவணைகளை மட்டும் போஸ்ட்கிரெஸ், மைசீக்குவல் போன்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாற்றுவது. அங்கே கணக்குப்பிள்ளை ஒருவர் அமர்ந்துவிடுகிறார். எழுதுவதும் பூட்டுவதும் அவர் பொறுப்பு. பழைய படிவங்களையே தொடர்ந்து பயன்படுத்தலாம். எனினும் அவை முழு ஏட்டையும் கேளாமல், வேண்டிய சில வரிகளையே கேட்கும்படி திருத்துதல் வேண்டும். இருவர் மூவர்க்கு முதல் வழி போதும். ஆட்கள் பெருகுவார்களாயின் இரண்டாவதே உகந்தது.

காவலும் வேண்டும். ஒவ்வொருவர்க்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் யார் எதை எழுதினார் என்பது விளங்கும். தரவுத்தளத்தின் வாயிலை இணையத்தில் திறந்துவிடாமல், விபிஎன் என்னும் காப்புவழியாகவே வரச் செய்ய வேண்டும். நாள்தோறும் ஒரு படி எடுத்து, அதனைக் கடைக்கு வெளியே வேறோரிடத்தில் வைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காதர்பேட்டைச் சந்தையில் பனியன் கடைகள் பல தீக்கிரையாயின. கணினியும் அதன் படியும் ஒரே மேசையில் இருந்தால் தீ இரண்டையும் வேறுபடுத்திப் பாராது. எடுத்த படியிலிருந்து கணக்கு மீள்கிறதா என்பதையும் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

இவை யாவும் முதலாளியின் இலாபத்துக்காக மட்டும் சொன்னவை அல்ல. பவர் டேபிளில் அமர்ந்து தைப்பவர்க்குக் கூலி பீஸ் கணக்கில் அமைகிறது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியே அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஏட்டில் ஒரு வரி அழிந்தால் கடைக்கு ஓர் எண் குறையும். அவருக்கோ ஒரு நாள் உழைப்பே காணாமற்போகும். ஏட்டை ஓரிடத்தில் வைத்துக் காப்பவர்கள் அவருடைய உழைப்பையும் காப்பவர்களாவர்.