கணினியும் அகரவரிசையும்

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) இலக்கியச் சொல்லகராதியைத் தொகுத்தவர். அகராதிக்கு எழுத்துமுறையே உயிர். அம்முறைப்படி 'மரம்' முன்னும் 'மனம்' பின்னும் நிற்றல் வேண்டும். னகரம் மெய்களுள் இறுதியன்றோ! ஆயின், கணினியிடம் இவ்விரு சொற்களையும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் 'மனம்' முந்திக்கொள்கிறது. யூனிக்கோட் குறியீட்டில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதே காரணம்.

இதற்கு மருந்து யாது? பைத்தன் என்னும் திறந்த மூலக் கணினிமொழியில் வரிசைப்படுத்தும் சார்பு ஒன்றுண்டு. சார்பாவது, கொடுத்ததை ஏற்று, வேலையை முடித்து, விளைவைத் திருப்பித் தரும் நிரற்பகுதி. செத்தல் மிளகாயை ஏற்றுத் தூளைத் தரும் ஆலை போன்றது அது, மிளகாயே பரமானம். வியப்பு என்னவெனில், பரமானமாக மற்றொரு சார்பையே கொடுக்கலாம். ஒரு சொல்லின் எழுத்துகளுக்கு நெடுங்கணக்கில் உரிய இட எண்களைக் கூறும் சார்பொன்றை எழுதி ஒப்படைத்தால், வரிசைப்படுத்தும் சார்பு ஒவ்வொரு சொல்லுக்கும் அதனை அழைத்துக் கேட்டுக்கொள்ளும். 'மரம்' தனக்குரிய இடத்தைப் பெற்றுவிடும்.

மாணாக்கர் இடறுவது இங்கேதான். ஒப்படைக்கும்போது சார்பின் பெயரை மட்டுமே எழுதவேண்டும். பெயருக்குப் பின் அடைப்புக்குறி இட்டால் சார்பு அங்கேயே இயங்க முற்படும்; போய்ச்சேர்வது அதன் விளைவே. ஆலையைக் கேட்டவருக்குத் தூளை அனுப்பிய கதைதான்!

ஓப்பன்-தமிழ் என்னும் திறந்த மூல நிரற்றொகுதியில், தமிழ் முறைப்படி சொற்களை ஒப்பிடும் சார்பு ஆயத்தமாகவே உள்ளது. மூலம் திறந்திருப்பதால், ஜகரத்தை எங்கே வைப்பது என வழக்காடுவோரும் அதனைப் படியெடுத்துத் தம் விருப்பப்படி திருத்திக்கொள்ளலாம்.