அரசியல் பாடம் குறிப்புக் கொப்பிக்குள் அடங்குமா?

பிள்ளை பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்கிறாள் என்று சொல்வதில் எமது விவசாயக் குடும்பங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பாடம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் அதிகம் விசாரிப்பதில்லை. பல இடங்களில் விரிவுரையாளர் குறிப்பை வாசிக்கிறார், மாணவர் எழுதுகின்றனர், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுகின்றனர். பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிறெய்றே (1921–1997) இதனை வங்கி முறைக் கல்வி என்றார். ஆசிரியர் வைப்புச் செய்கிறார், மாணவர் வெறும் பெட்டகமாக இருக்கின்றனர்.

1963இல் பிறேசிலின் வடகிழக்கிலுள்ள அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் பிறெய்றே வேறொரு வழியைக் காட்டினார். அங்கு எழுத்தறியாத கூலித் தொழிலாளர் முதலியோர் சுமார் 300 பேருக்கு 40 மணித்தியால அளவில் எழுத்தறிவூட்டும் வகுப்புகள் நடந்தன. அவற்றை நடத்தியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். எழுத்தறியாதோருக்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை, 1985இலேயே கிடைத்தது. ஆகவே அரிச்சுவடி கற்பித்த மாணவர், வாக்குரிமை யாருக்கு, ஏன் மறுக்கப்படுகிறது என்ற அரசியல் பாடத்தையும் அங்கேயே கற்றனர்.

எமது நாட்டிலும் இதற்கு ஏற்ற பாடம் ஒன்று உண்டு. அதுதான் தேர்தல் முறை.

கணக்குப் போட்டுக் கற்றல்

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதுவது இலகு. விளங்குவதற்குக் கணக்குப் போடவேண்டும். வகுப்பைக் கட்சிகளாகவும் தெரிவத்தாட்சி அலுவலராகவும் பிரித்து, கற்பனையான ஒரு மாவட்டத்தைக் கொடுக்கலாம். ஆசனங்கள் 7. செல்லுபடியான வாக்குகள் 1,00,000. முதலாம் கட்சிக்கு 50,000, இரண்டாம் கட்சிக்கு 28,000, மூன்றாம் கட்சிக்கு 18,000, நான்காம் கட்சிக்கு 4,000 வாக்குகள்.

1. நூற்றுக்கு 5 வீதம் பெறாத நான்காம் கட்சி நீங்குகிறது. மிஞ்சுவது 96,000 வாக்குகள்.
2. கூடிய வாக்குப் பெற்ற முதலாம் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. மிஞ்சுவது 6 ஆசனங்கள்.
3. 96,000ஐ 6ஆல் வகுத்தால் 16,000. ஒவ்வொரு 16,000 வாக்குக்கும் ஓர் ஆசனம் என்ற கணக்கில் முதலாம் கட்சிக்கு 3, மற்றைய இரு கட்சிகளுக்கும் ஒவ்வொன்று.
4. மீதியுள்ள ஓர் ஆசனம், கூடிய மிச்ச வாக்கு (12,000) வைத்திருக்கும் இரண்டாம் கட்சிக்குப் போகிறது.

முடிவு 4, 2, 1. இனி விரிவுரையாளர் ஓர் எண்ணை மட்டும் மாற்றட்டும். ஆசனம் 7 அல்ல, 6. வாக்குகள் அப்படியே இருக்கின்றன. இப்போது 96,000ஐ 5ஆல் வகுக்க 19,200 வரும். மாணவர் கணக்கை முடிக்கும்போது முடிவு 4, 1, 1. ஒரு வாக்குக்கூட மாறவில்லை, ஆனால் இரண்டாம் கட்சி ஓர் ஆசனத்தை இழந்துவிட்டது. இது நியாயமா, முதலாம் கட்சிக்கு மேலதிக ஆசனம் எதற்கு என்று வகுப்பில் வாக்குவாதம் எழும். உறுதியான ஆட்சிக்கு அது உதவும் என்பார் ஒருவர். சிறிய கட்சிகளை அது நசுக்கும் என்பார் மற்றவர். இந்த வாக்குவாதமே பாடம். விரிவுரையாளர் எந்தக் கட்சிக்கும் ஆள் பிடிக்காமல், இரு பக்க நியாயத்தையும் பேசவிட வேண்டும்.

ஆசனம் ஏன் குறைகிறது?

அடுத்த கேள்வி தானாக வரும். ஒரு மாவட்டத்தின் ஆசனத்தை யார் குறைக்கிறார்கள்? பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 29 தேசியப் பட்டியலுக்குரியவை. மாவட்டங்களுக்குரிய 196இல், மாகாணத்துக்கு 4 வீதம் 36 போக, எஞ்சிய 160உம் பதிவுபெற்ற வாக்காளர் தொகைப்படி பங்கிடப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுக் குடிபெயர்வும் தேருநர் இடாப்பில் விட்ட இடைவெளியை இந்த எண்களில் காணலாம். மொத்தம் 196 மாறுவதில்லை. ஓரிடத்தில் குறைந்தது வேறோரிடத்தில் கூடும்.

இடாப்பில் ஒரு பெயர் விடுபடுவது அந்த ஒருவரின் இழப்பு மட்டுமன்று என்பதை மாணவர் இங்கே கண்டுகொள்வர். போரினால் இடம்பெயர்ந்தோரைச் சொந்த இடத்து வாக்காளராகப் பதிவதற்கென 2013இல் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டால், பதில் சொல்லத் தகுந்தவர்கள் நீங்களே.

உங்கள் பங்கு

பாடத்தின் அடுத்த பகுதி ஆகவே உங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கவேண்டும். நான்கைந்து மாணவர் ஒரு கிராமத்துக்கு வந்து, பதிவுப் படிவம் வீட்டுக்கு வந்ததா, பழைய ஊரிலா புதிய இடத்திலா பெயர் உள்ளது, 18 வயது நிரம்பிய பிள்ளையின் பெயர் சேர்ந்ததா என்று கேட்கலாம். உங்கள் சம்மதத்துடனேயே எழுதவேண்டும். அடையாள அட்டை இலக்கம் அவர்களுக்குத் தேவையில்லை. நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்கவும் கூடாது. விடுபட்ட பெயர் கண்டால், கிராம அலுவலரிடம் எவ்வாறு கோரிக்கை கொடுப்பது என்பதைச் சட்டத்தைப் பார்த்து உங்களுக்கு விளக்குவது அவர்கள் கடமை. வகுப்புக்குத் திரும்பியபின், தாம் கேட்டதைச் சட்டப் புத்தகத்துடன் ஒப்பிட்டு எழுதுவதே பரீட்சையாக இருக்கட்டும்.

நெல் எப்படி விளைகிறது என்பதை வயலில் இறங்காமல் கற்பிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அரசியலும் அப்படித்தான். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். எமது மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம்? இடாப்பில் எமது வீட்டில் எத்தனை பெயர்? இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை உங்களுக்கு விளங்கச் சொன்னால், பாடம் நன்றாக நடக்கிறது என்று நம்பலாம்.